கரண்டு மிச்சத்தை முதலாக்குவது: சிறு அடுக்ககங்களுக்கான பணத் திட்டம்

தாம்பரம், ஆவடி, மாதவரம் பக்கம் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் கட்டிய அடுக்ககங்களைப் பார்த்திருப்பீர்கள். அறுநூறு, எழுநூறு சதுர அடி வீடுகள். பாதிப் பேர் வீட்டுக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், மீதிப் பாதியில் வாடகைக்காரர்கள். சங்கத்தின் வங்கிக் கணக்கில் இரண்டு மாதச் செலவுக்கு மேல் பணம் இருக்காது. ‘எல்லா விளக்கையும் மாற்றணும், மோட்டாரை மாற்றணும், சோலார் போடணும்’ என்று யாராவது பொதுக்குழுவில் எழுந்து சொன்னால், ‘அதுக்குப் பணம்?’ என்ற ஒரு கேள்வியில் பேச்சு முடிந்துவிடும். அந்தக் கேள்விக்கு இந்த அத்தியாயம் பதில் சொல்ல முயல்கிறது.

இப்படிப்பட்ட கட்டடத்துக்கு வெளியிலிருந்து பெரும் பணம் வந்து சேராது. அது தேவையும் இல்லை. தேவையான முதலில் பெரும்பகுதி இப்போதே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்டு பில்லாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அதில் ஒரு பங்கை வாசலிலேயே பிடித்து, வேறு எதற்கும் கரைய விடாமல் தனியாக வைத்து, அடுத்த வேலைக்கு விதையாக்க வேண்டும். வங்கிக் கடனும் மானியமும் அதற்குப் பிறகு வருபவை. வரிசை தலைகீழானால் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். எப்படி என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

பொது மீட்டரிலிருந்து தொடங்குங்கள்

மாடிப்படி விளக்கு, கார் நிறுத்துமிடம், தண்ணீர் மோட்டார், லிஃப்ட் ஆகியவை ஓடும் பொது மீட்டருக்கு 2022 செப்டம்பர் வரை வீட்டுக் கட்டணமே இருந்தது. அந்த மாதம் வந்த புதிய கட்டண ஆணை அதைப் பிரித்து 1-டி என்ற தனி வகையில் போட்டு, யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கியது. இலவச யூனிட் கிடையாது. அடுத்த ஆண்டு எழுந்த குரல்களைக் கேட்டு, பத்து வீடுகளுக்கு மேற்படாத, மூன்று மாடிக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கு மட்டும் 5 ரூபாய் 50 பைசாவாகக் குறைத்தார்கள். உங்கள் கட்டடம் இந்த மூன்று நிபந்தனைக்கும் பொருந்தியும் பில்லில் பழைய விலையே வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். செலவே இல்லாத சேமிப்பு அது. அதன்பின் கட்டணம் அவ்வப்போது சிறிதளவு ஏறியிருக்கிறது. கீழே கணக்குக்காக 8 ரூபாய் என்றே வைத்துக்கொள்கிறேன், உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பொது மீட்டரை முதலில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே சேமிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் முழு விலைக்குச் சேமிப்பு. அதன் பலன் வீட்டுக்காரர், வாடகைக்காரர் என்ற பேதமில்லாமல் சங்கத்தின் கைக்கு வருகிறது. முடிவெடுக்க ஒரே ஒரு பொதுக்குழு போதும். வீடு வீடாகப் பேசிச் சம்மதிக்க வைக்கும் வேலை பிறகு வரட்டும்.

கடந்த ஓராண்டின் ஆறு பில்களை எடுத்து, யூனிட்டுகளை மட்டும் எழுதிக் கூட்டி, ஆறால் வகுத்துக்கொள்ளுங்கள். இதுதான் உங்கள் அடிக்கணக்கு. ரூபாயில் எழுதாதீர்கள். கட்டணம் ஏறும்போது ரூபாய்க் கணக்கு பொய் சொல்லும், சேமிப்பே நடக்கவில்லை என்று காட்டும். யூனிட் பொய் சொல்லாது. அந்தத் தாளைத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்திட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். பின்னால் வரும் எல்லா வாக்குவாதத்தையும் இந்த ஒரு தாள் தீர்க்கும்.

எதில் எவ்வளவு

மாதிரிக்கு ஒரு கட்டடம்: 24 வீடு, நான்கு மாடி, ஒரு லிஃப்ட், ஒரு போர், ஒரு சம்ப், மாடியில் டேங்க்.

முப்பது பழைய டியூப்லைட் எரிகிறது. குழாய் 40 வாட் என்றாலும் பழைய இரும்புச் சோக் தனியாகப் பன்னிரண்டு வாட் வரை தின்னும். ஆக விளக்கு ஒன்றுக்கு 52 வாட். இரவு பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 18.7 யூனிட். 20 வாட் எல்.இ.டி.க்கு மாற்றினால் 7.2. இரண்டு மாதப் பில்லில் ஏறக்குறைய 690 யூனிட், 5,500 ரூபாய் குறைகிறது. விளக்கும் கூலியும் சேர்த்து ஒன்றுக்கு 400 வீதம் 12,000 ரூபாய் ஆகும் என்று வைத்தாலும், மூன்றாவது பில் வருவதற்குள் போட்ட பணம் திரும்பிவிடும். வேறு எந்த முதலீடும் இந்த வேகத்தில் திரும்பாது. ஏற்கெனவே எல்.இ.டி. போட்டுவிட்ட கட்டடம் என்றால், நள்ளிரவில் ஆளில்லாத கார் நிறுத்துமிடத்தில் எரியும் விளக்குகளில் பாதியை நடமாட்டம் கண்டு எரியும் சென்சாருக்கு மாற்றுவதோடு இந்தப் பகுதியை முடித்துக்கொள்ளலாம்.

மோட்டார் விஷயத்தில் பொறுமை வேண்டும். எல்லோரும் மோட்டார்தான் பில்லைத் தின்கிறது என்று நினைக்கிறார்கள். தண்ணீரைத் தூக்கத் தேவையான சக்தியைக் கணக்கிடுவது எளிது: ஆயிரம் லிட்டரை ஒரு மீட்டர் உயர்த்த 0.0027 யூனிட். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் 24 வீட்டுக்கு நாளுக்குச் சுமார் 13,000 லிட்டர். போரில் ஐம்பது மீட்டர் ஆழத்திலிருந்து சம்புக்கு எடுக்க 1.8 யூனிட், சம்பிலிருந்து பதினெட்டு மீட்டர் உயர டேங்குக்கு ஏற்ற 0.65 யூனிட். இது குறையே இல்லாத மோட்டாருக்கான கணக்கு. இரண்டு மூன்று முறை ரீவைண்டிங் செய்த பழைய மோட்டார் கால்வாசித் திறனில்தான் ஓடும். அப்போது இரண்டும் சேர்த்து நாளுக்கு ஒன்பதரை யூனிட்டுக்கு மேல் போகும். நல்ல ஸ்டார் முத்திரை மோட்டார்கள் போட்டால் ஆறுக்குள் வரும். பில்லுக்குப் பில் 230 யூனிட், 1,800 ரூபாய் மிச்சம். இரண்டு மோட்டாருக்கும் 30,000 ரூபாய் என்றால் அது திரும்ப மூன்று ஆண்டுக்குச் சற்றுக் கீழே ஆகும்.

நல்ல முதலீடுதான், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. மோட்டார் எரிந்து ரீவைண்டிங்குக்குப் போகும் நாளே அதை மாற்ற வேண்டிய நாள். அன்று ரீவைண்டிங் கூலியும் மிச்சமாகும். சிக்கல் என்னவென்றால், அன்று காலையில் 24 வீட்டிலும் குழாயில் தண்ணீர் இருக்காது. கையில் பணம் இல்லாத சங்கம் மெக்கானிக் சொல்வதற்குத் தலையாட்டிப் பழைய மோட்டாரையே திரும்பச் சுற்றி வாங்கிப் போடும். பணம் முன்கூட்டியே தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காகத்தான். அதுவரை, டேங்க் நிரம்பி வழியாமல் மோட்டாரை நிறுத்தும் ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் ஒன்று, வீடு வீடாக ஒழுகும் ஃப்ளஷ் டேங்குகளுக்கு வாஷர் மாற்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டும் போதும். வீணாகும் ஒவ்வொரு லிட்டரும் இரண்டு மோட்டார் ஏறி வந்த தண்ணீர்.

லிஃப்ட்டை மின் சிக்கனத்துக்காக மட்டும் மாற்றாதீர்கள். லட்சக்கணக்கில் செலவு, பில்லில் குறைவதோ சொற்பம். பாதுகாப்புக் காரணத்துக்காக மாற்றும் காலம் வரும்போது வேகத்தைச் சீராக்கும் டிரைவ் உள்ளதாக வாங்குங்கள். இப்போதைக்கு உள்ளே விளக்கும் மின்விசிறியும் ஆளில்லாதபோது அணையும்படி செய்தால் போதும். பிளக்கில் செருகினால் கரண்டு பாதியாகும் என்று சொல்லி விற்கும் பெட்டிகள் பக்கமே போகாதீர்கள். அவை மீட்டர் ஓட்டத்தைக் குறைப்பதில்லை.

சுழல் நிதி

விளக்கு மாற்றிய பிறகு பில் 5,500 ரூபாய் குறைந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் யாரோ ஒருவர், ‘பில்தான் குறைஞ்சிடுச்சே, மெயின்டனன்ஸைக் குறைங்க’ என்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். வீட்டுக்கு மாதம் 115 ரூபாய் குறையும், அத்தோடு திட்டம் நின்றுவிடும். பெரும்பாலான சங்கங்களில் எல்.இ.டி.யோடு வேலை முடிந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே விளக்கு வாங்குவதற்கு முன்பே பொதுக்குழுவில் மூன்று தீர்மானங்களை நிறைவேற்றி நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதுங்கள். ஒன்று, இரண்டு ஆண்டுகளுக்கு மெயின்டனன்ஸ் கட்டணம் மின் சேமிப்புக்காகக் குறைக்கப்படாது. இரண்டு, சங்கத்தின் பெயரில் தனி சேமிப்புக் கணக்கு ஒன்று, இரண்டு பேர் கையெழுத்தோடு. மூன்று, ஒவ்வொரு பில் வரும்போதும் அடிக்கணக்கு யூனிட்டிலிருந்து இந்த பில்லின் யூனிட்டைக் கழித்து, மிச்சத்தை இன்றைய கட்டணத்தால் பெருக்கி, அந்தத் தொகையைப் பொருளாளர் ஒரு வாரத்துக்குள் தனிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். இந்தப் பணத்தில் பெயின்டும் அடிக்கக்கூடாது, வாட்ச்மேன் போனஸும் கொடுக்கக்கூடாது. தீபாவளி நேரத்தில் இதைக் காப்பாற்றும் பொருளாளர் உங்களுக்குக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

நம் மாதிரிக் கட்டடத்தில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கார்ப்பஸ் நிதியிலிருந்து 12,000 எடுத்து விளக்கு மாற்றுகிறார்கள். ஆறு பில்லில் 33,000 சேர்கிறது. கார்ப்பஸ் கடன் போக ஆண்டு முடிவில் 21,000 கையில். அந்தச் சமயம் போர் மோட்டார் படுத்துக்கொள்கிறது. சம்ப் மோட்டாரையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்து, கார்ப்பஸிலிருந்து 9,000 மட்டும் கைமாற்றாக எடுத்து 30,000க்கு வாங்குகிறார்கள். இரண்டாம் ஆண்டில் பில்லுக்கு 7,300 வீதம் சேர்கிறது. கைமாற்றை அடைத்தபின் 35,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக நிற்கிறது. எந்த வீட்டிலும் கூடுதலாக ஒரு ரூபாய் வசூலிக்கவில்லை.

ஒரே தெருவில் உள்ள நான்கைந்து சங்கங்கள் சேர்ந்து வாங்கினால் விலை இன்னும் இறங்கும். மொத்தக் கொள்முதலின் பலம் என்னவென்று நாடே பார்த்திருக்கிறது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் சேவை நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல். எல்.இ.டி. பல்புகளை லட்சக்கணக்கில் ஒப்பந்தப்புள்ளி கேட்டு வாங்கத் தொடங்கிய 2014இல் ஒரு பல்பு 310 ரூபாய். இரண்டே ஆண்டில் அது 38 ரூபாய்க்கு இறங்கியது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் பல இடங்களில் பத்து ரூபாய் முன்பணம் கட்டினால் போதும், மீதியைக் கரண்டு பில்லோடு தவணையாகக் கட்டலாம் என்று வைத்தார்கள். நாம் மேலே போட்ட சுழல் நிதியின் தத்துவமும் அதுவே: பொருள் முதலில் வருகிறது, அது மிச்சப்படுத்தும் பணமே அதன் விலையைக் கட்டுகிறது.

கடன் வாங்கலாமா

சங்கத்தின் பெயரில் வங்கிக் கடன் கேட்டுப் போனால் மேலாளர் கேட்கும் முதல் கேள்வி அடமானம் என்ன என்பது. நிலம் சங்கத்துக்குச் சொந்தமில்லை, பிரிபடாத பங்காக 24 பேர் பத்திரத்தில் இருக்கிறது. மாடியும் மாடிப்படியும் எல்லோருக்கும் பொது. அடமானம் வைக்க சங்கத்தின் கையில் ஒன்றுமே இல்லை. பதிவே செய்யாத சங்கமாக இருந்தால் பேச்சே எழாது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்கக உரிமையாளர்கள் சட்டம் 2022 சங்கத்துக்கு முறையான வடிவம் தருகிறது. துணைவிதி, தணிக்கை செய்த மூன்றாண்டுக் கணக்கு, வங்கிக் கணக்கில் தடையில்லா மெயின்டனன்ஸ் வரவு, இவை இருக்கும் சங்கத்தை வங்கியும் கூட்டுறவு வங்கியும் வேறு கண்ணால் பார்க்கும். உங்கள் சுழல் நிதிக் கணக்கின் இரண்டாண்டு பாஸ்புத்தகம்தான் அந்த மேலாளரிடம் நீங்கள் காட்டக்கூடிய மிகச் சிறந்த சான்று.

வங்கி தயங்கும் இடத்தில் விற்பனையாளர் புன்னகையோடு வருவார். ‘முன்பணம் வேண்டாம், மூன்று வருஷத் தவணை, பத்து பர்சென்ட் ஃப்ளாட்தான் சார்.’ இந்த ஃப்ளாட் வட்டியில் எத்தனையோ நல்ல சங்கங்கள் மாட்டிக்கொள்கின்றன. ஒரு லட்சத்துக்கு மூன்றாண்டில் 30,000 வட்டி சேர்த்து மாதம் 3,611 ரூபாய் கட்டுவீர்கள். ஆனால் மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டியோ முழு லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை போடப்படுகிறது. குறையும் அசலுக்கு வட்டி போடும் வங்கி முறையில் பார்த்தால் இது ஏறக்குறைய 18 சதவீதம். வாங்குவதற்கு முன் மாதத் தவணையையும் மொத்த மாதங்களையும் மட்டும் எழுதி வாங்கி, வங்கிக் கடனின் தவணையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடன் எடுக்கலாமா என்பதற்கு நான் சொல்லும் அளவுகோல் ஒன்றே. இரண்டு மாதத் தவணையைவிட, ஒரு பில்லில் உறுதியாகக் குறையும் தொகை நான்கில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்க வேண்டும். கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்கும் மாதமும், இரண்டு வீட்டுக்காரர்கள் மெயின்டனன்ஸ் பாக்கி வைக்கும் மாதமும் வரத்தான் செய்யும். அந்த நான்கில் ஒரு பங்கு அப்போது தாங்கும். இல்லையென்றால் இன்னும் ஓராண்டு சுழல் நிதியைச் சேர விடுங்கள்.

விற்பனையாளர் ‘நாற்பது சதவீதம் குறையும்’ என்று வாக்குக் கொடுத்தால் அதைப் பணம் கொடுக்கும் முறையில் கட்டிப்போடுங்கள். பொருத்தியதும் அறுபது சதவீதம், இரண்டாவது பில் வந்து யூனிட் குறைந்ததும் முப்பது, ஓராண்டு முடிந்ததும் கடைசிப் பத்து. நேர்மையான வியாபாரி இதற்கு ஒப்புக்கொள்வார்.

மாடியில் சோலார்: கடைசியில் வருவது ஏன்

பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது முதல் சோலார் கம்பெனிகள் அடுக்ககங்களைத் தேடி வருகின்றன. தனி வீட்டுக்கு முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் என்பது பலருக்கும் தெரியும். குடியிருப்போர் சங்கங்கள் பொது உபயோகத்துக்குப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு என்பது அவ்வளவாகப் பரவவில்லை. வீட்டுக்கு மூன்று கிலோவாட் என்ற கணக்கில் 500 கிலோவாட் வரை இந்தச் சலுகை உண்டு. குறைந்த வட்டியில் அடமானமில்லாக் கடன் என்று விளம்பரத்தில் வருவது மூன்று கிலோவாட் வரையான வீட்டுச் சோலாருக்கானது. தனக்கென்று கூரை இல்லாத ஃபிளாட்காரருக்கு அது எளிதில் கைகூடாது.

இப்போது வரிசையின் அருமையைப் பாருங்கள். விளக்கும் மோட்டாரும் மாற்றுவதற்கு முன் நம் கட்டடம், லிஃப்ட்டுக்கு நாளுக்கு 8 யூனிட் சேர்த்து, 36 யூனிட் இழுத்தது. நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் நாளுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். ஆக 9 கிலோவாட் வேண்டும். கிலோவாட் 55,000 என்று வைத்தால் 4,95,000 ரூபாய். மானியம் போக 3,33,000. வீட்டுக்கு 13,875. மாற்றிய பிறகோ தேவை 21 யூனிட்தான். 5 கிலோவாட் போதும். 2,75,000 ரூபாய், மானியம் 90,000 போக 1,85,000. அதில் 35,000 சுழல் நிதியில் தயாராக இருக்கிறது. மிச்சம் வீட்டுக்கு 6,250, பத்து மாதத்தில் மாதம் 625 ரூபாய். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் இருக்கும் கட்டடத்தில் 13,875 என்று சொன்னால் திட்டம் அன்றே செத்துவிடும். 625 என்றால் பேசிப் பார்க்கலாம். மாடியிலும் 900 சதுர அடிக்குப் பதில் 500 சதுர அடிதான் பலகை அடைக்கும், துணி காயவைக்க இடம் மிஞ்சும். பெண்கள் கூட்டத்தில் முதலில் கேட்கும் கேள்வி அதுதான், நியாயமான கேள்வியும்கூட.

ஒரு முக்கியமான இடறல்: மானியம் வேலை முடிந்து, ஆய்வு முடிந்து, மீட்டர் மாட்டிய பிறகுதான் கணக்கில் வரும். அதுவரை அந்த 90,000க்கு இடைப்பணம் வேண்டும். மானியம் வந்ததும் கடைசித் தவணை என்று கம்பெனியோடு எழுத்தில் பேசிக்கொள்ளலாம். அல்லது வசதியுள்ள நான்கைந்து உறுப்பினர்கள் வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுக்கலாம், அதற்கும் ரசீது, தீர்மானம் எல்லாம் இருக்கட்டும். பதிவு பெற்ற விற்பனையாளரிடம், உள்நாட்டில் செய்த பலகை வாங்கினால்தான் மானியம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிரிவு அலுவலகத்தில் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பகலில் உற்பத்தியாகும் யூனிட்டை இரவு விளக்கின் யூனிட்டோடு நேருக்கு நேர் கழிப்பார்களா, இல்லை வேறு விலைக்கு வாங்கிக்கொள்வார்களா? உங்கள் பொது இணைப்புக்கு அனுமதித்துள்ள லோடு எத்தனை கிலோவாட்? முதல் கேள்வியின் பதில் மாறினால் மேலே போட்ட லாபக் கணக்கு முழுக்க மாறும். இரண்டாவது, நிலைக்கட்டணத்தோடும் சோலார் அளவோடும் சம்பந்தப்பட்டது. சிறிய மோட்டார் போட்டபின் லோடைக் குறைத்து நிலைக்கட்டணத்தைக் குறைக்க நினைப்பவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

யார் போட்ட பணம், யாருக்குப் பலன்

திட்டங்கள் பணத்தால் நிற்பதைவிட மனத்தாங்கலால் நிற்பதுதான் அதிகம். கீழ்வீட்டுக்காரர் லிஃப்ட் செலவில் பங்கு தரமாட்டார். மேல்மாடிக்காரர் மாடியே தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருப்பார். முதலில் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள், மாடி பொது இடம் என்று அதில் இருந்தால் அதைக் கூட்டத்தில் வாசியுங்கள். மாடியில் வெயிலைத் திருப்பும் வெள்ளை டைல்ஸோ பூச்சோ போடும்போது, அதன் குளிர்ச்சி மேல்மாடி வீடுகளுக்கு மட்டும்தானே, அவர்களே கட்டட்டும் என்று வாதம் வரும். நான் இதை ஏற்கமாட்டேன். மே மாதம் முழுவதும் கட்டடத்தின் சூட்டை வாங்குபவர்கள் அவர்கள். அதே பூச்சு மழை ஒழுக்கிலிருந்து கம்பியைத் துருப்பிடிக்காமல் காப்பது கட்டடம் முழுவதையும். கூரை எல்லோருக்கும் பொது என்றால் செலவும் பொதுதான்.

வாடகைக்காரர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பல இடங்களில் மெயின்டனன்ஸ் கட்டுவது வாடகைக்காரர், சங்கத்தில் ஓட்டு இருப்பது வீட்டுக்காரருக்கு. சுழல் நிதி என்று நாம் சேர்ப்பதில் ஏறக்குறைய பாதி வாடகைக்காரர்கள் கட்டிய பணம், அதில் வாங்கும் சோலாரோ வீட்டுக்காரரின் சொத்தாகிறது. ஆகவே விளக்கு, மோட்டார், சோலாரின் ஒரு சிறு பங்கு வரை சுழல் நிதி, சோலாருக்கான கூடுதல் வசூல் வீட்டுக்காரரிடம் மட்டும் என்று பிரித்துக்கொள்வதே முறை. வாடகைக்காரர்களைக் கூட்டத்துக்கு அழையுங்கள், ஓட்டு இல்லாவிட்டாலும் பேச்சு இருக்கட்டும். எந்த விளக்கு இரவு முழுக்க வீணாக எரிகிறது என்று வீட்டுக்காரரைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

கூடுதல் வசூலைத் தவணையாக வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. இருபது லட்சத்துக்கு மேல் ஆண்டு வரவுள்ள சங்கம் ஒரு உறுப்பினரிடம் மாதம் 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ஜி.எஸ்.டி. வந்து நிற்கும். சிறு சங்கங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பெரிய வளாகங்கள் ஒரே மாதத்தில் மொத்தமாக வசூலிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

வீட்டுக்குள்ளே, வாரியக் குடியிருப்புகளிலும்

பழைய மின்விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. மின்விசிறி 30 வாட். மூன்று விசிறி, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் ஒரு பில்லில் 97 யூனிட் மிச்சம். விசிறி தலா 3,000 ரூபாய் என்றால் 9,000 முதல். இது எத்தனை நாளில் திரும்பும் என்பது நீங்கள் கட்டணத்தின் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2022 செப்டம்பர் கட்டணப்படி 580 யூனிட் ஓடும் வீட்டின் பில் 2,590 ரூபாய். 97 யூனிட் குறைந்து 483க்கு வந்தால் 1,623. ஐநூறைத் தாண்டியதும் கீழ்ப்படியின் சலுகை போய்விடுவதால் ஒரே பில்லில் 967 ரூபாய் வித்தியாசம். ஒன்றரை ஆண்டில் முதல் திரும்பிவிடும். இப்படி ஐநூறுக்குச் சற்று மேலே நிற்கும் குடும்பங்கள், கைக்கடனாக இருந்தாலும் விசிறி மாற்றுவது புத்திசாலித்தனம். சங்கம் மொத்தமாக வாங்கி, ஆறு தவணையில் மெயின்டனன்ஸோடு வசூலிக்கலாம்.

அதே 2022 கட்டணப்படி 180 யூனிட் ஓடும் வீட்டைப் பாருங்கள். முதல் நூறு யூனிட் இலவசம், மீதி எண்பதுக்கு 2.25 வீதம் 180 ரூபாய். விசிறி மாற்றினால் பில் பூஜ்யம். ஆனால் மிச்சம் 180 ரூபாய்தான், 9,000 ரூபாய் திரும்ப எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். இந்தக் குடும்பத்திடம் போய்க் கடன் வாங்கி விசிறி மாற்றுங்கள் என்று சொல்வது அநியாயம். அந்த வீட்டில் மிச்சமாவது அரசு மானியத்தோடு வரும் யூனிட். லாபம் அரசுக்கும் மின் பகிர்மானக் கழகத்துக்கும் போகிறது. லாபம் யாருக்கோ அவர்கள்தான் முதல் போட வேண்டும்.

பெரும்பாக்கம், கண்ணகி நகர், செம்மஞ்சேரி போன்ற இடங்களில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டிய குடியிருப்புகளுக்கு இந்த நியாயம் முழுமையாகப் பொருந்தும். நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே பலர். பெரும்பாக்கத்தில் லிஃப்ட் நின்றால் ஏழாவது மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்குபவர்கள் அவர்கள். ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்ற திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு ஈடாக அரசும் தன் பங்கைத் தருகிறது. அந்த ஏற்பாட்டைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். மாடிப்படி விளக்கு, மோட்டார் மாற்றத்துக்கான திட்டத்தை அடிக்கணக்கோடு எழுதி, அரசின் பங்கை முதலில் இதற்கு ஒதுக்கும்படி வாரியத்திடம் கேளுங்கள். கருணை மனுவாக எழுத வேண்டாம். இத்தனை யூனிட் குறையும், இத்தனை மாதத்தில் திரும்பும் என்று கணக்காக எழுதுங்கள். வீட்டு விசிறிகளை மொத்தக் கொள்முதலில் இலவசமாக மாற்றித் தருவது மானியச் சுமையைக் குறைக்கும் என்ற வாதத்தைக் கவுன்சிலரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் அதே தாளோடு போய்ச் சொல்லுங்கள்.

வேலை எதுவாக இருந்தாலும் முடிந்தபின் ஒரு பதிவேடு தொடங்குங்கள். வாங்கிய தேதி, விலை, வாரண்டி அட்டையின் நகல், விற்றவரின் கையெழுத்து, அதற்குப் பின் வந்த ஒவ்வொரு பில்லின் யூனிட், சுழல் நிதிக்கு மாற்றிய தொகை. நிர்வாகிகள் மாறும் ஆண்டில் இந்தப் பதிவேட்டையும் தனிக் கணக்கின் பாஸ்புத்தகத்தையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். இரண்டாண்டு முடிந்ததும் கூட்டம் போட்டு, போட்ட முதல் எல்லாம் திரும்பியிருந்தால், அடுத்த மோட்டாருக்கும் சோலார் இன்வெர்ட்டர் மாற்றத்துக்கும் தேவையான தொகையை மட்டும் நிறுத்திக்கொண்டு, மீதிக்கு ஏற்ப மெயின்டனன்ஸைக் குறையுங்கள். வாடகை வீடுகளில் அந்தக் குறைப்பு வாடகைக்காரருக்குப் போய்ச் சேர்கிறதா என்று செயலாளர் நேரில் விசாரிக்க வேண்டும்.